பிறர் கையில் ஒரு வாரம்

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பிள்ளையை ஒரு வாரம் அடுத்தவர் பொறுப்பில் விட்டுப் போக ஐந்து காரணங்கள் செல்லுபடியாகும். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூத்த மகளின் தலைப்பிரசவம். சொந்தத்தில் ஒரு சாவு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டது. வீட்டில் பெண் பார்க்க வருவது. மாற்றுத்திறனாளிகளைச் சில நாட்கள் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் உதவியாளனாக இருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் இவற்றையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். “தூங்கணும், அதுக்காக விட்டுட்டுப் போறேன்” என்று சொல்லி எந்தத் தாயும் வந்ததில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத பெண்ணுக்கும், நாலு நாள் படுத்து எழ ஓர் அறுவை சிகிச்சையின் அனுமதி வேண்டியிருக்கிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சமவெளிக்காரர்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்கள், சின்னாளப்பட்டித் தறிக்காரர்கள், நிலக்கோட்டையில் மல்லிகை எடுக்கப் போகிறவர்கள். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் பூவெடுக்கிறவள் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நடக்க முடியாத, பேச முடியாத பதினாறு வயது மகன் பாயில் கிடப்பான். மாமியார் இருந்தால் பார்த்துக்கொள்வார். இல்லாவிட்டால் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதை வைத்து இதில் நயம் தேட வேண்டியதில்லை. அன்றைய கூலியை விட முடியாதவள் பூட்டுகிறாள், அவ்வளவுதான்.

விட்டுப் போக வரும் அம்மா ஒரு கட்டைப்பை கொண்டுவருவாள். மாற்றுத் துணி, மருந்து, டயப்பர் அல்லது பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துண்டுகள், அவன் பிடித்துக்கொண்டு தூங்கும் ஏதாவது ஒரு பொருள். அதைவிடக் கனமானது அவள் வாயால் சொல்லி ஒப்படைப்பது. “சோத்தை நல்லாப் பெசஞ்சு குடுக்கணும் தம்பி, பருக்கை பருக்கையா இருந்தா துப்பிருவான். தண்ணியை டம்ளர்ல ஊத்தாதீங்க, ஸ்பூன்தான். ராத்திரி லைட்டை அமத்தாதீங்க. ரெண்டு தடவை காதைத் தேச்சான்னா ஒண்ணுக்கு வருதுன்னு அர்த்தம்.” இந்தக் கடைசி விஷயம் எந்த மருத்துவக் கோப்பிலும் இருக்காது. பல வருஷத்தில் அவள் ஒருத்தி மட்டும் கற்ற பாடம் அது. அதை அரை மணி நேரத்தில் எனக்குச் சொல்லித்தரப் பார்க்கிறாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுதுவதைக் கண்டதும் சில அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்ப்பார்கள். அவர்கள் சொல்லி, இன்னொருவர் குறித்துக்கொண்டு அதுவரை கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் சொல்கிறவரும் எழுதுகிறவரும் டாக்டர்தான். இவள் தலையாட்டிவிட்டு வர வேண்டியவள்.

இந்த வேலையை ‘பார்த்துக்கொள்வது’ என்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஊட்டுவதை மட்டும் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கு உதடு, நாக்கு, தொண்டை மூன்றும் ஒரே சமயத்தில் ஒத்துழைக்காது. மடியில் சாய்த்து, தலையைப் பின்னால் தள்ளி வாயில் போட்டால் சுலபமாக இறங்கும் என்று தோன்றும். மூச்சுக்குழாய் வாகாகத் திறந்து நிற்பதும் அந்த நிலையில்தான். எனவே நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்பை நாற்காலியின் முதுகோடு ஒட்டி, பாதம் எதிலாவது ஊன்றும்படி செய்து, முகவாயைச் சற்றே தாழ்த்த வேண்டும். நான் அவன் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் என்னைப் பார்க்க அவன் தலையை அண்ணாப்பான், புரையேறிவிடும். ஸ்பூனை மேலுதட்டில் வழித்துவிடாமல் நாக்கின் மேல் வைத்து லேசாக அழுத்தி, அவனாக உதட்டை மூடும்வரை பொறுத்திருக்க வேண்டும். குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் அவன் எழுப்பும் சத்தத்தில் ஈரக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால், இருமல் வராவிட்டாலும், சோறோ தண்ணீரோ போகக் கூடாத வழியில் போயிருக்கலாம். சளியும் காய்ச்சலுமாக இழுத்துக் கடைசியில் நிமோனியாவில் கொண்டுவிடுவது இதுதான். ஒரு கிண்ணம் பருப்புச்சோறு ஊட்ட முக்கால் மணி நேரம். வீட்டில் இது மூன்று வேளை. ஊட்டுவதற்கே அந்தத் தாய்க்கு நாளில் இரண்டேகால் மணி நேரம் போகிறது. குளிப்பாட்டுவது, கால் கழுவிவிடுவது, துணி அலசுவது, விறைத்த கால்களை நீவிவிடுவது எல்லாம் தனிக்கணக்கு.

ராத்திரி வேலை வேறு மாதிரி. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுக்குக் கீழும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகும். வலிப்பு உள்ளவர் என்றால் மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். நம் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்களிடம் வரும் அப்பாக்கள் சிலர் அதையும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுத்துப் பேசுவதில்லை. “சரிங்கய்யா, நாங்க மொதல்ல டைம் பாத்துக்கிருவோம்” என்று மட்டும் சொல்வேன்.

முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். “என்ன பண்றான் தம்பி?” “சாப்பிட்டுப் படுத்துட்டான்மா.” கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமிருக்காது. பிறகு, “என்னையத் தேடலையா?” இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் கிடையாது. ரொம்பத் தேடினான் என்றால் விடியக்காலை முதல் பஸ்ஸில் வந்து நிற்பாள், தையல் பிரிக்காத வயிற்றோடு. தேடவில்லை என்றால் இத்தனை வருஷத்து உயிரைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். “சாயங்காலம் கொஞ்சம் தேடினான். அப்புறம் சாப்பிட்டான்” என்பேன். பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

அந்தக் கேள்விக்குள் இருப்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். பிள்ளைக்கு இன்றியமையாதவளாக இருப்பது அவளுக்குப் பாரம்; அவளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே மதிப்பும் அதுவே. ஊரும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. “அவ மாதிரி ஒரு தாய் பாக்க முடியுமா” என்று சொல்கிற அக்கம்பக்கத்தார் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்கார மாட்டார்கள். தாயின் பொறுமையைக் கொண்டாடுவது நமக்கெல்லாம் சௌகரியமாக இருக்கிறது. கொண்டாடி முடித்ததும் கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். இப்படி ஒரு பீடத்தில் ஏற்றப்பட்டவள் அதிலிருந்து ஒரு வாரம் இறங்கினால் குற்றம் செய்தவளைப் போல நிற்கிறாள்.

சேர்க்கைக் காரணங்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது பெண் பார்க்கும் நாள். இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவன். பேச்சு வராது, நாம் பேசுவது முழுக்கப் புரியும். தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். “ரெண்டே நாள்தாங்க” என்றார் அப்பா. விசேஷத்துக்கென்று வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்திருக்கிறார்கள், அவனுக்கும்தான். அந்தப் புதுச் சட்டையைப் போட்டு அழைத்துவந்து எங்களிடம் விட்டுப் போனார்கள். அன்று பூராவும் அவன் சட்டையைத் தொட்டுக் காட்டினான், கேட்டைக் காட்டினான். வேறு சட்டை மாற்ற விடவில்லை. இவனைச் சேர்த்துக்கொண்டதன் மூலம் நாங்கள் செய்தது உதவியா, ஒளித்துவைப்பதற்கு உடந்தையா? மறுத்திருந்தால் பக்கத்து வீட்டுக் கொல்லையறையில் இரண்டு நாள் கிடந்திருப்பான், இங்கே பத்திரமாகவாவது இருந்தான் என்று பதில் சொல்லலாம். நியாயமான பதில்தான். ஆனாலும் அதைச் சொல்லி மனசு அடங்கவில்லை. அந்த அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. “குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி உண்டா?” என்று கேட்கப்போகும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மகளையும் நிறுத்தியாக வேண்டும். நாங்கள் தரும் ஓய்வில் ஒரு பங்கு ஊர்க்கண்ணிலிருந்து கிடைக்கும் ஓய்வு. அதற்குப் பிள்ளையை அப்புறப்படுத்த வேண்டியிருப்பது ஊரின் குறை.

சட்டம் இதையெல்லாம் அறியாமல் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-இல் நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வந்த திட்டங்களில் ‘சமர்த்’ என்பது குடும்பத்துக்கு இடைக்கால ஓய்வு தருவதற்கானது. ‘கரௌண்டா’ வயது வந்தவர்களின் நிரந்தரத் தங்குமிடத்துக்கானது. பிற்பாடு இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். காகிதத்தில் இது நிர்வாக வசதி. கட்டில் பக்கம் நின்று பார்த்தால் வேறு விஷயம் தெரியும். குறுகிய காலத்துக்கும் ஆயுளுக்கும் ஒரே கூரை என்றால், ஆதரவற்ற ஒருவர் வரும்போது குறுகிய காலக் கட்டில் அவருக்குத்தான் போகும், போகத்தான் வேண்டும். அதன்பின் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு வரும் அம்மாவிடம் “இடமில்லைம்மா” என்று சொல்ல வேண்டிவரும். குறுகிய காலக் கட்டிலைக் குறுகிய காலக் கட்டிலாகவே வைத்திருப்பதற்குத் தனி உறுதி வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னொன்று செய்தது. சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கிற எவரையும், பெற்றோர் உட்பட, ‘பராமரிப்பாளர்’ என்று வரையறுத்தது. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்புப்படி தர வேண்டும் என்பது அதன் 24-ஆம் பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 நிலவரப்படி மாதம் 2,000 ரூபாய். ஒரு நாளுக்கு 67 ரூபாய்கூட முழுசாக வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. ஓரிடத்தில் மட்டும் அரசு இந்த இரண்டாவது ஆளைக் கண்ணால் கண்டிருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியோடு உடன்வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. அதே ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசல்வரை வந்தவர்கள் உள்ளே வந்து ஒரு வாரம் அந்தத் தாயின் இடத்தில் உட்கார வேண்டும். அந்த அடி இன்னும் எடுத்துவைக்கப்படவில்லை.

மற்ற நாடுகளும் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. பிரிட்டனில் 1976-இல் பராமரிப்பாளர்களுக்கென்று ஓர் உதவித்தொகை வந்தது. கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. எப்படியும் வீட்டில் சும்மா இருப்பவர்கள்தானே என்பது எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தன் தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். அவர் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் வழக்காடியதால் 1986-இல் அந்தத் தடை போயிற்று. ஜெர்மனியின் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டத்தில், வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ, அவர் விடுமுறை எடுத்தாலோ மாற்று ஆள் வைக்கப் பணம் உண்டு. விடுமுறை அங்கே எழுதிவைத்த காரணம், யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே மாதம் 600 ரூபாய் ஒதுக்கியது. தொகை சொற்பம், ஆனால் யார் பேருக்குத் தருகிறோம் என்பதில் தெளிவு இருக்கிறது.

விட்டுப் போகத் தயங்குகிறவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு வலுவான நியாயமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களையும் யாரோ ஒரு குடும்பம் நம்பித்தான் விட்டுப்போயிருந்தது. எங்கள் இல்லத்துக்கு வரும் வயசான அப்பாக்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்ப்பதும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பதும் எனக்கு விளங்கும். அதனால் கேட்காமலே எல்லா அறையையும் திறந்து காட்டுகிறோம். எந்த நேரத்திலும் சொல்லாமல் வரலாம் என்கிறோம். திறந்துகிடக்காத பராமரிப்பு இல்லம் எதையும் நம்பக் கூடாது, எங்களுடையது உட்பட.

எல்லா அறையையும் காட்டும்போது சிலர் சமையலறையில் கொஞ்சம் நிற்பார்கள். “சமையல் யாரு?” என்று கேட்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துப் போகும் விசாரணை அது. கால் கழுவிவிடுவது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சோறு தரும் கைக்குச் சாதி பார்க்கிறவர்கள் மலம் அள்ளும் கைக்குப் பார்ப்பதில்லை. அந்த வேலைக்கு யார் வருவார்கள் என்று அவர்கள் மனசில் ஏற்கனவே ஒரு விடை இருக்கிறது. இங்கே இரண்டும் ஒரே கை என்று சொல்வோம். முகம் சுருங்கும், ஆனால் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனவர்கள் குறைவு. என்னிடம் தனியாக இன்னொரு கேள்வியும் வரும்: “ஆம்பளைப் புள்ள, வேற வேலை கிடைக்கலையா தம்பி?” மில்லில் இதைவிட அதிகம் சம்பளம் கிடைக்கும் என்பது உண்மை. வளர்ந்த ஆண்பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டும் அம்மாக்களின் இடுப்பு என்ன ஆகிறது என்பதைப் பார்த்தவர்கள், இந்த வேலைக்கு ஆண்கள் ஏன் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் எஸ். ராமகிருஷ்ணன் இளம்வயதில், கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அவர் தொடங்கிய சங்கம் இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தொடுகிறது. அவரைச் சாதனையாளராக எல்லோரும் எழுதுகிறார்கள், சரிதான். என் கண் வேறொன்றில் நிற்கும். அந்தச் சாதனையின் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்ததில் தொடங்கியது. இன்னொருவர் கையை நம்பி வாழ்வதால் ஒரு மனிதரின் வாழ்க்கை சிறுத்துவிடுவதில்லை. கை நல்ல கையாக, நேரத்துக்கு வருகிற கையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

பெற்றோர் எல்லோரிடமும் கடைசியில் வந்துசேரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: “எனக்குப் பின்னாடி இவனை யாரு பாப்பா?” சிலர், தங்களுக்கு ஒரு நாள் முன்னால் பிள்ளை போய்விட வேண்டும் என்று அபிராமி அம்மனிடம் வேண்டிக்கொள்வதாக வெளிப்படையாகவே சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஆறுதல் சொல்வது வெட்டிப்பேச்சு. ஒரு வாரப் பராமரிப்பின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மாவுக்குக் கிடைக்கும் தூக்கம் அதில் பாதி. மீதிப்பாதி பிள்ளைக்கு: வேறொரு கையிலிருந்து சோறு இறங்கும், வேறொரு கூரையின் கீழ் தூக்கம் வரும், போன அம்மா திரும்பி வருவாள் என்பதை அவன் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஐந்து தடவை வந்துபோன பையன் ஆறாவது தடவை கேட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அதை அவன் அம்மா பார்க்கிறாள். அவளுக்குப் பின்னாலும் அவனுக்கு ஒரு காலம் உண்டு என்பதற்கு அவள் கண்ணால் பார்த்த முதல் சாட்சி அது. நாற்பது வயதில், தாய் இறந்த மறுநாள், எதுவும் தெரியாத ஓர் இல்லத்தில் முதல்முறையாகக் கொண்டுபோய் விடப்படுகிறவர்கள் சாப்பிட மறுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பழக்கமும் இல்லாமல் வரும் பிரிவு அது.

என் பங்குக்கு நான் கற்க வேண்டியிருந்தது கொடுத்துவிடுவதை. ஒருவருடைய காதைத் தேய்க்கும் குறிப்புவரை தெரிந்துகொண்டு, வாரம் முடிந்ததும் பையோடு ஒப்படைத்துவிட்டு, அந்தப் படுக்கையில் அடுத்தவருக்கு விரிப்பு மாற்ற வேண்டும். பாசம் இல்லாமல் இந்த வேலை நடக்காது. பிள்ளை இனி என்னிடம்தான் சரியாகச் சாப்பிடுவான் என்று நினைக்க ஆரம்பித்தால் வேலையே கெட்டுவிடும். போகும்போது அம்மாவிடம் நோட்டுப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கிறோம். நாங்கள் கண்டுபிடித்த ஒன்றிரண்டு விஷயமும் அதில் இருக்கும்: ‘இடது பக்கம் ஒரு தலையணை வைத்தால் நன்றாக உட்காருகிறான்.’ இனி அதை அவன் சித்தியும் படிக்கலாம்.

பராமரிப்பை ஊர் பகிர்ந்துகொள்வதற்கு இந்த மண்ணில் முன்மாதிரி இல்லாமலில்லை. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறு பிரசவ விடுதியாகத் தொடங்கியதுதான் அங்குள்ள கஸ்தூர்பா மருத்துவமனை. பிள்ளைப்பேறு அந்தந்த வீட்டுப் பெண்களின் பாடு என்று விட்டிருந்த காலம் அது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அதை ஊரின் பொறுப்பாக்க முடியும் என்று இந்தச் சமவெளி அப்போதே பார்த்தது. பராமரிப்புக்கும் அதே வழி போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு நான்கு கட்டில், அவை நிரந்தரச் சேர்க்கைக்குப் போகாது என்ற எழுத்துமூலமான உறுதி, அந்தந்த ஊர்ப் பெண்களும் ஆண்களுமாக முறையாகப் பயிற்சி பெற்ற, மில் கூலிக்குக் குறையாத சம்பளம் வாங்கும் உதவியாளர்கள். மொத்தம் 56 கட்டில். ஒரு மாவட்டத்தால் தாங்க முடியாத செலவு இல்லை இது. அது வரும்வரை உங்கள் சொந்தத்தில், தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த அம்மாவைப் புகழ்வதை விட்டுவிட்டு, அவனுக்கு ஊட்டுவது எப்படி என்று அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.